முதியோர் உரிமையும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையரங்கு முடிந்தது, நாடகம் தொடங்க இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. அவ்விடைவேளையில், "பயனுள்ள பொருள் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூறுக" எனச் செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் புலவரல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராய் அமர்ந்து, கோப்புக்களோடு காலங் கழித்து வருகிறோம். ஆதலின் காவியம் பற்றிப் பேசும் துணிவு எமக்கில்லை. காகிதம் பற்றிப் பேசும் துணிவு உண்டு. நம் இல்லங்களிலுள்ள முதியோர்க்கு வரவேண்டிய பணம் எவ்வெவ்வகையில் உள்ளது, அஃது ஏன் பலர் கைக்கு வந்து சேர்வதில்லை, சேர்ப்பிக்க நாம் செய்யத்தக்கது யாது என்பதே எம் பொருள்.

முதலில் ஒரு தடையை நீக்கியாக வேண்டும். அது மனத்தில் உள்ள தடை. "ஒருவரிடமும் கையேந்தாமல் இத்தனை காலம் வாழ்ந்துவிட்டேன், இனிப் போய் மனுக் கொடுத்துக் காத்து நிற்பதா?" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரத்தலின் இழிவை உணர்ந்த மரபு நம் மரபு. வள்ளுவப் பெருந்தகை இரவச்சம் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அம்மானவுணர்ச்சியை யாம் போற்றுகிறோம். ஆயினும் உரியதைக் கேட்பது இரத்தல் ஆகாது. பென்ஷன் என்பதை நம் பாட்டனார் காலத்தில் 'உபகாரச் சம்பளம்' என்று வழங்கினர். யாரோ இரங்கி உபகாரமாகக் கொடுப்பது என்ற எண்ணம் அச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், நகாரா என்பார் தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அவ்வெண்ணத்தைத் துடைத்தெறிந்தது. ஓய்வூதியம் ஆள்வோர் மனம் போனபடி அளிக்கும் கொடையன்று, உழைத்தவர்க்கு உரிய பொருள் என்று தீர்ப்பாயிற்று. அந்நாளையே ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். அரசுப் பணியில் இல்லாதார்க்கோ எனின், முதுமையிலும் நோயிலும் மக்களுக்கு அரசு உதவுதல் வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு கூறுகிறது. அது வழக்காடிப் பெறும் உரிமையன்றெனினும், ஆட்சியாளர்க்கு இட்ட நெறியாகும்.

இந்நெறி உலகிற்குப் புதிதன்று. ஜெர்மனி நாடு 1889-இல் முதுமைக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் 1908-இல் சட்டமாகி, 1909 சனவரி முதல் நாளிலிருந்து, எழுபது வயது நிரம்பிய ஏழையர்க்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை அஞ்சல் நிலையங்களில் கொடுத்தனர். நம் நாட்டில் உத்தரப் பிரதேசம் 1957-இல் தொடங்கிற்று. நம் தாயகமாகிய சென்னை மாநிலத்தில் 1962 ஏப்பிரலில் மாதம் 20 ரூபாய் என முதியோர் உதவித்தொகை பிறந்தது. நாடு முழுமைக்குமான திட்டம் 1995 ஆகஸ்டு 15-இல் வந்தது. அப்போது மத்திய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய், வயது 65. பின்னர்த் தொகை 200 ரூபாயாக உயர்ந்தது; 2011-இல் வயது 60 ஆகக் குறைக்கப்பட்டு, எண்பது கடந்தார்க்குத் தொகை 500 ரூபாய் ஆயிற்று. இதன்மேல் அந்தந்த மாநிலம் தன் பங்கைச் சேர்த்து வழங்குகிறது.

நாம் வாழும் தெலங்கானாவில், மாநிலம் பிறந்த 2014-ஆம் ஆண்டிலேயே, நவம்பரில், 'ஆசரா' என்னும் பெயரால் முதியோர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கினர். ஆசரா என்றால் ஆதரவு. அது 2019-இல் 2,016 ரூபாயாக உயர்ந்தது. வயது வரம்பும் 65-இலிருந்து 57 ஆகக் குறைக்கப்பட்டு 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வேறு அரசு ஓய்வூதியம் பெறாத ஏழைக் குடும்பத்தினர்க்கே இது உரியது. இரண்டாயிரம் ரூபாய் ஒரு தொகையா என இளைஞர்கள் எண்ணலாம். மருந்துக் கடைக்குப் போக மகன் முகத்தையும் மருமகள் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டாத நிலையை அத்தொகை தருகிறது. பேரனுக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தரும் பெருமையைத் தருகிறது. முதுமையில் அது சிறிதன்று.

சட்டம் இருக்கிறது, தொகையும் இருக்கிறது. பின் ஏன் கைக்கு வருவதில்லை? கோப்புக்களோடு பழகிய எமக்கு விடை தெளிவாகத் தெரிகிறது. தடுப்பது பெரும்பாலும் மூன்று: வயது, பெயர், உறவு. இம்மூன்றையும் காகிதத்தால் மெய்ப்பிக்க முடியாமையே தடை.

வயதை முதலில் எடுத்துக்கொள்வோம். முன் கூறிய பிரிட்டன் சட்டம் அயர்லாந்துக்கும் பொருந்தியது. ஆனால் அங்கே அரசினர் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. எழுபது வயதுக் கிழவர்க்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? 1839 சனவரியில் அந்நாட்டைப் பெருங்காற்று ஒன்று சூறையாடியிருந்தது. "அப்பெருங்காற்று எனக்கு நினைவிருக்கிறது" என்று கூறி எத்தனையோ முதியோர் தம் வயதை நிறுவ முற்பட்டனர். நம் பாட்டிமார் பேச்சும் இதுதானே? "தனுஷ்கோடி அழிந்த ஆண்டில் என் மூத்தவன் மடியில் இருந்தான்" என்பார்கள். அப்புயல் 1964 டிசம்பரில் அடித்தது. கணக்குப் போட்டால் பாட்டியின் வயது எண்பதைத் தாண்டும். ஆனால் ஆதார் அட்டையில் யாரோ தோராயமாக ஓர் ஆண்டைப் போட்டு, சனவரி ஒன்று என்று எழுதியிருப்பர். ஆதலின் ஊரில் ஏறிய பள்ளிக்கூடத்துச் சான்று, பழைய வாக்காளர் அட்டை, கணவருடைய பணிப்பதிவேட்டில் மனைவிக்கு எழுதிய வயது ஆகியவற்றை இன்றே தேடி எடுத்து வைத்தல் வேண்டும். தேவை வந்தபின் தேடினால் கிடைப்பதில்லை.

அடுத்தது பெயர். இது பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்த நமக்கே உரிய தொல்லை. தெலுங்கரிடத்தில் வீட்டுப் பெயர் முன்னே நிற்கும். நம்மிடத்தில் தந்தையின் முதலெழுத்து மட்டுமே நிற்கும். "இண்டி பேரு ஏமிட்டி?" என்று எழுத்தர் கேட்க, வீட்டுக்குப் பெயரில்லாத நம் பாட்டி திகைத்துக் கணவர் பெயரைச் சொல்ல, அதுவே ஓரட்டையில் வீட்டுப் பெயராக ஏறிவிடும். மற்றோரட்டையில் தந்தை பெயர் ஏறும். நம் சிறப்பு ழகரமோ தெலுங்கிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. குழந்தையம்மாள் என்ற ஒரே மூதாட்டி, குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் ஒரு விதமாகவும், ஓய்வூதிய ஆணையில் மூன்றாவது விதமாகவும் வாழ்கிறார். அம்மாள் என்னும் ஈறு ஓரிடத்தில் அம்மா என்றாகும். ஓரிடத்தில் மறைந்தே போகும். ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. அஃது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, மாறினால் தள்ளிவிடுகிறது. இவ்வேறுபாட்டை முன்னதாகத் திருத்திக்கொள்ளலாம். திருத்த இயலாதபோது, இவ்விரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைக்கலாம். இதைச் செய்து தர ஓர் ஆள் வேண்டும். அதுதான் செய்தி.

மூன்றாவது உறவு. திருமணப் பதிவு அக்காலத்தில் ஏது? கோயிலில் தாலி கட்டியதுண்டு; சான்றிதழ் இல்லை. கணவர் இறந்தபின் "இன்னார் மனைவி யானே" என்று மெய்ப்பிக்கும் நிலை ஒரு தாய்க்கு வருவது கொடிது. கணவர் உயிரோடிருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பிழையின்றி உள்ளனவா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. பின்னர் அது பத்து மாத வேலை.

இனி எமக்குப் பழக்கமான இரயில்வே வழியே சில கூறுவோம். செகந்திராபாத்திலும், லாலாகூடாத் தொழிற்சாலையை ஒட்டியும், மெட்டுகூடாவிலும் நம்மவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உள்ளன. 1957-க்கு முன் இரயில்வே ஊழியர்க்குப் பொதுவாக வருங்கால வைப்பு நிதியே உண்டு. மாத ஓய்வூதியம் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் ஓய்வூதியத் திட்டம் வந்தபோதும், மொத்தமாகக் கையில் வரும் பணமே மேல் என்று பழைய நிதியிலேயே நின்றவர் பலர். அத்தகையோரின் விதவையர்க்கு 1986 சனவரி முதல் மாதம் 150 ரூபாய் கருணைத்தொகை ஏற்பட்டது. அதுவும் கேட்டவர்க்கே கிடைத்தது. மாத ஓய்வூதியமே இல்லாத குடும்பம் ஓய்வூதியச் செய்திகளைக் கேட்க என்ன முகாந்திரம்? பலர் அறியாமலே போயினர். இது பழைய கதை; ஆனால் இதன் பாடம் பழையதன்று.

இன்றைய செய்தி ஒன்று சொல்வோம். மத்திய அரசு, இரயில்வே ஓய்வூதியர்க்கும் குடும்ப ஓய்வூதியர்க்கும் 2006 சனவரி முதல் ஒரு கூடுதல் உண்டு. வயது எண்பது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் நூற்றுக்கு 20, எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50, நூறு நிறைந்தால் முழுத் தொகையும் இரட்டிப்பாகும். ஊழியரின் பிறந்த தேதி அலுவலகத்தில் இருப்பதால் அவர்க்குப் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். மனைவியின் பிறந்த தேதி பல பழைய ஆணைகளில் எழுதப்படவே இல்லை. தேதி இல்லையேல் எண்பது வந்தது எவ்வாறு தெரியும்? வங்கி வாளா இருக்கும். பாட்டியும் வாளா இருப்பார். அடிப்படைத் தொகை 9,000 ரூபாய் என்று கொண்டால், நூற்றுக்கு இருபது 1,800 ரூபாய். நான்கு ஆண்டுகள் கேளாது விட்டால் 86,400 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்த்தால் இலட்சத்தைத் தாண்டும்.

இஃது ஏட்டுக் கணக்கன்று. மெட்டுகூடாப் பக்கத்தில் கலாசி ஒருவரின் மனைவியார் எண்பத்து நான்காம் வயதில் இந்நிலையில் இருக்கக் கண்டோம். அம்மையார்க்கு ஏடு எழுத்துத் தெரியாது. ஆணையில் தேதி இல்லை. வாக்காளர் அட்டையில் பெயர் வேறு, ஆதாரில் வேறு. பான் அட்டை, கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை, ஆதார் போன்றவை வயதுக்குச் சான்றாக ஏற்கத்தக்கவை. முதலில் பெயரைச் சரிசெய்து, பின் தேதியைப் பதிவுசெய்யக் கோரி மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி, மாதம் ஒரு முறை நினைவூட்டியதில், எட்டாம் மாதம் ஆணை திருந்தியது. நிலுவையும் சேர்ந்து வந்தது. அம்மையார் முதலில் செய்த செலவு என்ன தெரியுமா? கண்புரை அறுவைக்குப் பின் வாங்காமல் விட்டிருந்த மூக்குக் கண்ணாடி. ஆனால் அதே ஆண்டில், அதே நிலையிலிருந்த மற்றொரு மூதாட்டியார் கோப்பு நகருமுன் காலமானார். நிலுவை பின்னர்ப் பிள்ளைகளுக்குச் சென்றிருக்கலாம். கண்ணாடி அவர்க்குச் செல்லவில்லை. முதியோர் காரியத்தில் காலதாமதம் என்பது மறுப்புக்குச் சமம் என்பதை அன்று உணர்ந்தோம்.

மற்றும் சிலவற்றைச் சுருங்கச் சொல்வோம். பெற்றோர் இருவரும் மறைந்தபின், அவர்களைச் சார்ந்து வாழ்ந்த விதவை மகளுக்கும், மணவிலக்குப் பெற்ற மகளுக்கும், 2007 முதல் மணமாகாத மகளுக்கும், வயது 25 கடந்தபின்னும் குடும்ப ஓய்வூதியம் உண்டு; விதிகளுக்குட்பட வேண்டும். இரயில்வே மருத்துவமனையிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்து, அங்கே புறநோயாளியாகச் செல்லாத ஓய்வூதியர்க்கு மாத மருத்துவப் படி உண்டு. பிராகா டூல்ஸ், ஆல்வின் முதலிய ஆலைகளில் உழைத்தவர்களும், சனத்நகர், ஆசமாபாத் பகுதிகளில் தனியார் நிறுவனங்களில் பணிசெய்தவர்களும், 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து பத்து ஆண்டுகள் நிறைத்திருந்தால், 58 வயதில் ஓய்வூதியம் பெறலாம். இறந்தோரின் மனைவியர்க்கும் உண்டு. ஆலை மூடப்பட்டதால் உரிமை மூடப்படுவதில்லை. பழைய வைப்பு நிதி எண் எழுதிய துண்டுக் காகிதம் வீட்டில் இருந்தால் அதைப் பொன்போற் காக்க.

ஓய்வூதியம் பெறுவோர் நவம்பர்த் திங்களில் உயிர்ச் சான்று அளித்தல் வேண்டும். எண்பது கடந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். இதற்காகக் கட்டிலிலிருந்து எழ இயலாதவரைத் தூக்கிக்கொண்டு வங்கிப் படியேற வேண்டுவதில்லை. 2014 நவம்பர் முதல் கணிப்பொறி வழியும், 2021 முதல் முகத்தைப் படம் பிடித்துக் காட்டும் வழியும் வந்துள்ளன. தேய்ந்த கைரேகை பதியாமல் தவித்தவர்க்கு இது பெருந்துணை. அஞ்சற்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் சிறு கட்டணத்தில் செய்யலாம். இனி, எழுபது நிரம்பியோர்க்கு வருமானம் பாராது, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரையான மருத்துவக் காப்பு 2024 அக்டோபரில் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் கைவிட்டார்க்கு 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அத்தீர்ப்பாயத்தில் வழக்குரைஞர் வைக்கத் தேவையில்லை. பெற்றவர் பிள்ளைமேல் வழக்காட நேர்வது நம் குலத்துக்குப் பெருமையன்று. பட்டினியாற் கிடப்பது அதனினும் பெருமையன்று.

"இவ்வளவும் அரசினரே எடுத்துச் சொல்லலாகாதா?" என்பீர்கள். சொல்கிறார்கள், நம் நகரம் இதில் முன்னோடியும் ஆகும். 2017-இல் டாட்டா அறக்கட்டளையினர் முதியோர்க்கான தொலைபேசி உதவியை ஐதராபாத்திலேதான் தொடங்கினர். அதுவே வளர்ந்து, 2021 அக்டோபரில் நாடு தழுவிய '14567' எண்ணாயிற்று. கட்டணமின்றிக் கேட்கலாம், எந்த அலுவலகம், எந்தச் சான்று என்று சொல்லுவர். ஆனால் வழி சொல்வது ஒன்று. வழித்துணை போவது மற்றொன்று. செல்வமும் ஒழுங்கும் மிக்க பிரிட்டனிலேயே, 2003-இல் ஏற்பட்ட முதியோர் துணைத்தொகைக்குத் தகுதியுடையோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இன்னும் கேட்காமலே இருக்கின்றனர். அங்கே அப்படியானால், தெலுங்கு படிக்கவும் ஆங்கிலம் படிக்கவும் அறியாது, தமிழ் மட்டும் அறிந்து அயலூரில் முதுமையடைந்த நம் தாய்மார் நிலை என்ன?

ஆதலின் இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போடுக. பொருட்செலவு இல்லை. தெலுங்கு நன்கறிந்த இளைஞர் ஒருவர், கணிப்பொறி அறிந்தவர் ஒருவர், அலுவலக நடைமுறை அறிந்த ஓய்வு பெற்றவர் ஒருவர் அமர்க. வரும் முதியவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பக்கம் எழுதுக: எந்தெந்த அட்டையில் எவ்வாறு பெயர் உள்ளது, பிறந்த தேதி யாது, என்ன பெறுகிறார், என்ன பெறலாம். மீசேவா நிலையத்துக்கோ, வருவாய்த்துறை அலுவலகத்துக்கோ, பர்க்கத்புராவிலுள்ள வைப்பு நிதி அலுவலகத்துக்கோ செல்ல வேண்டுமாயின் ஒருவர் உடன் செல்க. அரசு புதிய மனுக்களை ஏற்கும் காலம் எதுவெனக் கேட்டறிந்து பலகையில் எழுதுக. மனுவின் படியையும் பெற்றதற்கான சீட்டையும் வாங்காமல் திரும்பலாகாது. தகுதியில்லாதவர்க்கு இல்லையென்று நயமாகச் சொல்லுவதும் இம்மேசையின் கடமையே. அலையாமல் காத்தலும் ஓர் உதவியாகும். ஊரில் ஓர் அட்டை, இங்கு ஓர் அட்டை என்று இரண்டிடத்தும் பெயர் வைத்திருப்போர்க்கு, ஓரிடத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்லுக.

எச்சரிக்கை இரண்டு. முதியவரின் மூல ஆவணத்தை மேசைக்காரர் வைத்துக்கொள்ளலாகாது. பார்த்து, படியெடுத்து, அவர் கையிலேயே திருப்பித் தருக. அவர்தம் தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர் கேட்பினும், நம் மேசைக்காரரே கேட்பினும், சொல்லலாகாது. உதவுகிறேன் என்று வந்து உள்ளதையும் கொண்டுபோகும் தரகர் பெருகிய காலம் இது.

பெரியோர்களே! நம் முன்னோர் கையில் ஒரு தகரப் பெட்டியோடு இவ்வூருக்கு இரயிலேறி வந்தனர். தண்டவாளம் பதித்தனர்; எஞ்சின் துடைத்தனர்; ஆலையில் உழைத்தனர்; பலர் வீடுகளில் பாத்திரம் துலக்கினர். அவர்களுக்கு நாம் விழாவில் சந்தன மாலை இடுகிறோம், நன்று. அதனோடு அவர்கள் பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதங்களையும் ஒரு நாள் வெளியே எடுத்து, ஒளியிற் பிடித்துப் படித்துப் பார்ப்போமாக. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மேசையில் யாம் இருப்போம். இளைஞர் இருவர் வேண்டும். யார் வருகிறீர்கள் என்பதை நாடகம் முடிந்தபின் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வாழ்க நம் முதியோர்!